எண்ணும்போது பேசக்கூடாது

என் வீட்டுக்காரிக்கு நான் ஒரு வைண்டிங் மிஷின் விலை கடன்பட்டிருந்தேன்.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். பெரியவர் தன் பெருமையெல்லாம் எழுதினார், கடனை மட்டும் மென்று விழுங்கிவிட்டார் என்று நாளைக்கு ஒருத்தன் பேசக்கூடாது. மற்றபடி இந்தத் தெருவில் எவனிடமும் நான் ஒரு காசு பாக்கி வைத்தவன் இல்லை. செப்புக் கம்பி வியாபாரி என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். எனக்குக் கடையை வாடகைக்கு விட்டவரிடமே அந்தக் கடையை விலை பேசி வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புதான். ஆனால் எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால் திறக்காமலே மோந்து பார்த்துச் சொல்வேன், இது தண்ணீர் புகுந்து எரிந்ததா, பாரம் தாங்காமல் எரிந்ததா என்று.

நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. என்னை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது, அதனால் நானும் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு சோப்புக் கம்பெனியில் சோப்புக்குத் தாள் சுற்றும் வேலையில் இருந்தாள். கை அப்படி ஓடும். வேலையை விட்டபோது கணக்கு முடித்துக் கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். அதை அவள் எண்ணிக்கூடப் பார்க்காமல் என்னிடம் கொடுத்தாள். அந்தப் பணத்தில்தான் பழைய வைண்டிங் மிஷின் ஒன்றை வாங்கி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையைத் திறந்தேன். ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்றேன். ஆறு மாதம் போனதும், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம், இதில் என்ன கடன், என்ன வரவு என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவளும் கேட்கவில்லை. கேட்காத கடன் சும்மா கிடக்கும்.

காயில் கட்டுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டார் எரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் பழைய கம்பியை வெட்டி எடுத்து, அது எத்தனை சுற்றோ அத்தனை சுற்று புதுக் கம்பி சுற்றி, உள்ளே இரும்பில் வெட்டியிருக்கும் காடிகளில் இறக்கிக் கட்டி, வார்னிஷில் முக்கி உலர்த்த வேண்டும். சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். நான் வாங்கின பழைய மிஷினில் சுற்றைக் காட்டும் எண் ஓடாது. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. வாயால் எண்ண வேண்டும். எண்ணும்போது ஒருத்தர் பேசினால் எண்ணிக்கை போய்விடும், கம்பியை அவிழ்த்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். ஆகவே கடையில் ஒரே ஒரு சட்டம் போட்டேன். எண்ணும்போது பேசக்கூடாது. அவள் கைப்பிடியைச் சுற்றுவாள், நான் எதிரே உட்கார்ந்து காடியில் இறக்குவேன். அவள் கை ஓய்ந்தால் நான் சுற்றுவேன். இப்படியே ஒரு கடை இரண்டு மாடியானது. எண் ஓடுகிற புது மிஷின்கள் வந்தபிறகும் அவள் அவற்றை நம்பவில்லை, உதடு அசைய எண்ணிக்கொண்டேதான் இருப்பாள். கடையில் எல்லாரும் அவளைக் கணக்கக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் சுற்றின மோட்டார் ஒன்றுகூட எரிந்து திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமையில் பாதி எனக்கும் சேரும்.

அந்தக் கணக்கு தப்பியது.

ஒரு மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவள் நடுவில் கைப்பிடியை விட்டுவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்து, விரல் மரத்து, மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாகி, உயிர் போகிறது என்றாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். இதயம் கல் மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி. அதற்கடுத்து கடைத்தெருவில் வைத்து. மூன்றாவது தடவை அந்த நெஞ்சு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் நடிக்கவில்லை, படுகிற அவதி நிஜம், ஆனால் இது இதய நோய் இல்லை, பயம் உடம்பைப் பிடித்து ஆட்டுவது, மனநல டாக்டரிடம் போங்கள், நிறையப் பேருக்கு வருவதுதான், சரியாகும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் ஃபீஸை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் வீட்டுக்காரிக்கா? இரண்டு மாடிக்காரன் வீட்டுக்காரிக்கு என்ன குறை? புது மெத்தை வாங்கினேன், பெரிய டிவி வாங்கினேன். அவளைக் கூட்டிக்கொண்டு கடலோரம் நல்ல ஓட்டலில் அறை எடுத்து மூன்று நாள் தங்கினேன். மூன்று நாளும் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரயில் நின்றுவிட்டால் எப்படி வீட்டுக்குப் போவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. விடிவதற்கு முன்பே விழித்துவிடுவாள். கடைக்கு வந்தால் பாதிச் சுற்றில் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கட்டின மோட்டார் ஒன்று முதல்முறையாகத் திரும்பி வந்தது. அவளுக்குத் தெரியாமல் அதை மேல் மாடிக்கு எடுத்துப்போய் நானே பிரித்துக் கட்டினேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். சாப்பிட்டாள். ஒருநாள் மேஜையைத் துடைக்கும்போது ஏதோ ஒரு பாட்டை முனகினாள். எனக்கு ஒரே பூரிப்பு. கடற்காற்று வேலை செய்துவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஓட்டல் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதைக் கெடுத்தவன் வார்னிஷ். அவன் சொந்தப் பெயரை நானே மறந்துவிட்டேன். எங்கள் கடையில் வார்னிஷில் முக்கி உலர்த்துகிற வேலை அவனுடையது, தலை நரைக்கும்வரை என்னிடமேதான் இருக்கிறான். அன்றைக்கு நான் ஒரு வாடிக்கையாளரிடம் கடற்காற்றைப் பற்றிச் சொல்லி முடித்ததும், தொட்டியைக் கிளறிக்கொண்டே அவன் சொன்னான்.

"மாத்திரையும் நல்லா ஒத்துக்கிச்சு முதலாளி. வியாழக்கிழமை கவுன்சிலிங்கையும் அக்கா விடறதே இல்ல."

வியாழக்கிழமை மத்தியானம் அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவது எனக்குத் தெரியும். காய்கறி வாங்கப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். காய்கறியும் வந்துகொண்டுதான் இருந்தது.

அவனை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டேன். கணக்கக்கா ஒருநாள் தொட்டியண்டை வந்து நின்று, இப்படி இப்படி வருகிறது என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். தான் போகிற மனநல ஆஸ்பத்திரியையே அவன் காட்டிவிட்டிருக்கிறான். மனச்சோர்வுக்கு ரொம்ப வருஷம் முன்னால் வைத்தியம் பார்த்தவனாம், இப்போதும் எப்போதாவது போய்க் காட்டிவிட்டு வருகிறானாம். நீ மாத்திரை போடுவது அல்சருக்கு இல்லையா என்றேன்.

"அல்சர்னு நீங்களா சொல்லிக்கிட்டீங்க முதலாளி. நான் எப்ப சொன்னேன்?"

வயிற்றெரிச்சல் என்று ஒன்று உண்டு. அதற்கு மாத்திரை கிடையாது. என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள், தனக்கு வந்த நோவை வார்னிஷ் தொட்டியண்டை போய்ச் சொல்லியிருக்கிறாள். எங்கள் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். அவள் வேலை பார்ப்பது வேறு ஊர். அவளுக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "உங்ககிட்ட சொன்னா உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துடுவீங்கன்னு அம்மா பயந்தாங்கப்பா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளிடம் பெருந்தன்மையாகவே பேசினேன். ஒளித்து ஒளித்துப் போக நீ என்ன களவா செய்கிறாய், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து ஃபீஸ் கட்டுவது எனக்குத்தான் கேவலம், இனி எல்லாச் செலவும் என்னுடையது, நானே கூட்டிப்போய்க் கூட்டி வருகிறேன் என்றேன். அவள் சரிங்க என்றாள்.

மனநல டாக்டர் சின்ன வயசுப் பையன். அவரிடம் எனக்கு ஒரு பொறாமையும் வரவில்லை. பத்து நிமிஷம் பார்ப்பார், எழுதிக் கொடுப்பார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இது பைத்தியம் இல்லை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு வியாதி. மாத்திரை பிடித்து வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதலில் கொஞ்சம் குமட்டும், பழகிவிடும். இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட மாட்டார்கள், ஆனால் நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்திவிடக் கூடாது, குறைப்பதை நாங்கள் பார்த்துக் குறைப்போம். இதெல்லாம் அவர் சொன்னது. தெளிவான ஆள். அவரோடு எனக்கு வழக்கில்லை.

வழக்கு அடுத்த அறைக்காரியோடு.

கவுன்சிலர் என்றார்கள். என் பெண் வயசு இருக்கும். வெள்ளைக் கோட்டு இல்லை, கழுத்தில் குழாய் இல்லை, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. சின்ன அறை, நேருக்கு நேர் பார்க்காமல் சாய்த்துப் போட்ட இரண்டு நாற்காலி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று, சின்னக் கடிகாரம் ஒன்று. அவ்வளவுதான் தொழில் சாமான். உள்ளே போனால் அம்பது நிமிஷம். அம்பது நிமிஷம் என் வீட்டுக்காரி அங்கே பேசுகிறாள். நான் அந்தக் கவுன்சிலருக்கு அம்பது நிமிஷக்காரி என்று பெயர் வைத்தேன், மனசுக்குள்.

கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரி வெளியே வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். சில நாள் அழுதிருப்பாள், மூக்கு சிவந்திருக்கும். ஆனாலும் கனமான மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தவள் மாதிரி தோள் லேசாக இருக்கும். மூட்டையைத் தூக்க நான் இருக்கும்போது, இறக்கி வைக்க இன்னொருத்தியா? வியாழக்கிழமையன்று அவள் தலையை ஒழுங்காக வாருகிறாள் என்பதைக் கவனித்தேன். நல்ல துணியாக உடுத்துகிறாள் என்பதையும். என்னோடு ஓட்டலுக்கு வந்தபோது கசங்கினதைத்தான் உடுத்தியிருந்தாள். அம்பது நிமிஷக்காரி வீட்டில் செய்து பார்க்கச் சொன்ன பாடமும் உண்டு. படபடப்பு வந்தால் ஓடக்கூடாதாம், உட்கார்ந்து மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டு, இது வரும், ஏறும், இறங்கிவிடும், கொல்லாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டுமாம். அவள் அதைக் கண்ணை மூடிச் செய்வதைப் பார்த்தால், காதில் யாரோ பேச அவள் கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றும். யாரோ என்ன யாரோ. எனக்குத் தெரியாதா?

வண்டியில் திரும்பும்போது கேட்பேன், என்ன பேசினாய் என்று. சும்மா பேசினோம் என்பாள். என்னைப் பற்றியா? எல்லாத்தையும் பற்றித்தான். எல்லாம் என்றால்? சிவப்பு விளக்கைப் பாருங்க, நிறுத்துங்க.

ஒருநாள் அவள் மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றபோது நான் நேராகவே கவுன்சிலர் அறைக்குப் போனேன். நாகரிகமாகத்தான் கேட்டேன். அவள் என்ன குறை சொல்கிறாள் என்று தெரிந்தால் நான் சரிசெய்துவிடுவேன், எனக்கு வேலை மிச்சம், உங்களுக்கும் வேலை மிச்சம் என்றேன்.

"அவங்க இங்க பேசறதை நான் வெளிய சொல்ல முடியாதுங்க" என்றாள்.

"ஃபீஸ் நான்தாம்மா கட்றேன்."

"தெரியும் ஐயா. நீங்க கட்டறது என் நேரத்துக்கு. அவங்க பேச்சு அவங்களோடது. அவங்களுக்கே சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்வாங்க, அப்ப கேட்டுக்குங்க."

சிரித்த முகம். கதவைச் சாத்துகிற கையும் மெதுவான கை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்.

இனி ஃபேன் கதை. அந்த அறைக் கதவுக்கு வெளியே, தரையில், ஒரு சின்ன மேஜை ஃபேனைச் சுவரைப் பார்க்க வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சுவருக்கு வேர்க்கிறதா என்று வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டேன். உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்க அந்தச் சத்தம் என்றாள். சத்தமும் சாதாரணச் சத்தமா? தண்டு சுழலும் புஷ் தேய்ந்து கடகடவென்று அடித்துக்கொள்ளும். என் காதுக்கு அது பல்லில் கல் கடிக்கிற மாதிரி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்பது நிமிஷம், உள்ளே அவள் பேச்சு, வெளியே அந்தக் கடகட. இதைப் பழுது பார்த்துக் கொடுத்துவிடுகிறேனே என்று இரண்டு தடவை கேட்டேன். வேண்டாம் சார், உட்காருங்க என்றாள் அந்தப் பெண்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் எதையோ எடுக்க உள்கட்டுக்குப் போனாள். என் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். நான் குந்தி உட்கார்ந்து ஃபேனை நிறுத்தினேன். பழுது பார்க்கத்தான் நிறுத்தினேன் என்று எவரிடமும் அடித்துச் சொல்வேன். கூண்டைக் கழற்றி, இறக்கையைக் கழற்றிக் கீழே வைத்ததும் நிஜம்தானே.

நிறுத்தினதும் முதலில் கேட்டது என் குரல். அவள் வாயிலிருந்து என் குரல். "பேசாதே... எண்ணிட்டிருக்கேன்." நான் புருவத்தைச் சுருக்கிச் சொல்கிற அதே மாதிரி, அதே இழுப்பு. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன், பிடிபடவில்லை. பிறகு சிரிப்பு நின்று அவள் பேசினாள்.

"பொண்ணு ஸ்கூல் போயிட்டிருந்தப்பவே ஒரு தடவை இது வந்துச்சு. கை நடுங்குது, பயமா இருக்குன்னு சொல்லலாம்னு அவர்கிட்டப் போனேன். எண்ணிட்டிருந்தாரு. முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சாரு, உடனே அடுத்த காயிலை எடுத்துட்டாரு. சரி, பயம் போயிடுச்சு போலன்னு நானும் உக்காந்துட்டேன். போகல போல."

இது அவளுக்குப் போன வருஷம் மேஜையில் வந்த நோவு என்று நான் நினைத்திருந்தேன். அதைப் பார்த்தவன், தூக்கிக்கொண்டு ஓடினவன் நான். இப்போது பார்த்தால் முதல் தடவை அது இல்லை. முதல் தடவை வேறொன்று. அதோடு அவள் எனக்கு எதிரேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லாமல் எடுத்து வைத்திருந்து, ரப்பர் செருப்புக்காரிக்குக் கொடுத்திருக்கிறாள்.

கதவு திறந்தது. சத்தம் நின்றுவிட்டதை அம்பது நிமிஷக்காரி கவனித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரி. நான் கையில் ஸ்க்ரூடிரைவரோடு, மடியில் ஃபேன் இறக்கையோடு. அவள் என்னைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நான் உடனே பின்னால் போகவில்லை. பிரித்த வேலையை அரைகுறையாகப் போட்டுவிட்டு வந்தவன் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். ஒரு சத்தம் இல்லை, பூப்போல ஓடியது. வார்னிஷ் பிறகு சொன்னான், என் பழுதுக்கு அப்புறம் அந்த ஃபேன் எதற்கும் உதவாமல் போய், சத்தம் போடுகிற ஃபேனாகப் பார்த்து வேறொன்று வாங்கி வைத்தார்களாம்.

அடுத்த வியாழக்கிழமை அவள் குடையை எடுக்கவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. மத்தியானமெல்லாம் கடையில் என் எதிரேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளதைச் சொன்னால் எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அம்பது நிமிஷக்காரி அங்கே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் சந்தோஷத்தை முடித்ததும் வார்னிஷ்தான். அக்கா மாத்திரையையும் விட்டுட்டாங்க முதலாளி, பார்த்தீங்களா என்றான். நான் பார்க்கவில்லை. வீட்டில் போய் டப்பாவைத் திறந்தால் அட்டை அப்படியே இருந்தது. கேட்டதற்கு, போதும் என்று தோன்றியது என்றாள். தலைக்குள் அடிக்கடி ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு சுண்டு சுண்டுகிறது, எழுந்தால் சுற்றுகிறது என்றாள். நான் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும், இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள், கூட்டி வாருங்கள், கவுன்சிலிங்கும் பாதியில் நிற்கக்கூடாது, இரண்டும் சேர்ந்துதான் அவரை இவ்வளவு தூரம் தேற்றியது என்றார். கடற்காற்றைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கி மேஜையில் வைத்துவிடுவாள். ஃபோனில் பெண் அழுதாள். அம்மாவோடு பேசினாள், மாத்திரையாவது போடம்மா என்றாள். பெண்ணுக்காக அவள் மாத்திரையை மட்டும் மறுபடி ஆரம்பித்தாள். அங்கே மட்டும் போக மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒருநாள் மேஜையில் மறுபடி வந்தது. கைப்பிடி நின்றது, உதடு நின்றது, கண் பெரிசானது. நான் எழுந்து ஓடி அவள் கையைப் பிடித்தேன். பயப்படாதே என்றேன். மூச்சை இழு என்றேன். எப்படி இழுக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு அவள் எந்தக் குரலையோ தேடினாள். அது என் குரல் இல்லை. இரண்டு மாடி, ஆறு ஆள், ஊரில் பாதி மோட்டார் என் கைபட்டது, ஆனால் அந்த நேரத்துக்கு என்னிடம் ஒரு சொல் இல்லை. ரப்பர் செருப்புக்காரியிடம் இருந்தது. அன்றைக்கு நான் பட்ட பொறாமை மாதிரி வாழ்க்கையில் எவன் மேலும் பட்டதில்லை. எதிர்க்கடைக்காரன் கார் வாங்கினபோதுகூட இல்லை.

அது இறங்கி அவள் தண்ணீர் குடித்து முடித்ததும் நானே சொன்னேன். போம்மா, வியாழக்கிழமை போ. நான் ஆஸ்பத்திரி மாடிக்கு வர மாட்டேன், தெருமுனையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். ஃபேன் பக்கமே போக மாட்டேன்.

"ஃபீஸ் யாரு கட்டுவா?" என்றாள்.

"இது என்ன கேள்வி? நான்தான்."

"அப்ப நீங்களும் உள்ள வந்து உக்காந்திருப்பீங்க."

"நான்தான் மாடிக்கே வர மாட்டேன்றேனே."

"வர வேணாங்க. உங்க காசு வந்தாப் போதும். வாயைத் திறந்தா, அம்பது நிமிஷம் அவர் காசாச்சேன்னு தோணுது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு எண்ணி எண்ணிப் பேசறேன். நான் எண்ணினது போதும்."

வீட்டுச் செலவிலேயே மிச்சம் பிடித்துக்கொள், முன்னே செய்த மாதிரி என்றேன். அதுவும் உங்க காசுதானே, அன்னைக்கும் பாதி மறைச்சு மறைச்சுத்தான் பேசினேன் என்றாள். நான் சம்பாதித்ததெல்லாம் உன்னுடையதுதான், இதில் என் காசு, உன் காசு என்று என்ன இருக்கிறது என்று கேட்டேன். இந்தப் பேச்சை நான் பல இடத்தில் பேசியிருக்கிறேன், எல்லாரும் தலையாட்டுவார்கள். அவள் தலையாட்டவில்லை.

"அப்ப குடுக்கறதுக்கு என்ன?" என்றாள். "என் சோப்புக் கம்பெனிப் பணம் உங்ககிட்ட இருக்குல்ல. அதைக் குடுங்க. என் காசுல நான் போறேன்."

தொட்டியண்டை வார்னிஷ் கிளறுவதை நிறுத்தியிருந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. கடன்காரன் என்று என் கடைக்குள் வைத்து, என் ஆள் காதுபட, ஒருத்தர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி, வீறாப்புக்கு நான் குறைந்தவனா? இப்போதே தருகிறேன் என்று சட்டைப் பையில் கைவிட்டு, அன்றைக்கு அவள் கொடுத்த தொகையை அப்படியே எடுத்து நீட்டினேன். சில்லறை மாதிரி இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுல இன்னைக்கு ஒரு உருண்டை கம்பி வருமாங்க?"

"வேற எவ்வளவு வேணும், சொல்லு. பத்து மடங்கு தரேன். இருபது மடங்கு தரேன்."

"மடங்கெல்லாம் வேணாம். அன்னைக்கு என் பணத்துல ஒரு மிஷின் வந்துச்சு. இன்னைக்கு ஒரு மிஷின் என்ன விலையோ, அது."

வட்டி என்று வார்னிஷ் மெதுவாக எடுத்துக் கொடுத்தான். வட்டிக்குப் பதிலா அவர் ஃபேன் ரிப்பேர் பண்ணிட்டாரே என்றாள் அவள். அவன் குனிந்துகொண்டு குலுங்கினான்.

மிஷின் வியாபாரியிடம் ஃபோனில் விலை கேட்டேன். யாருக்கு மிஷின் என்றார். வீட்டுக்கு என்றேன். புதுசு, எண் ஓடுகிற மிஷின், அதன் விலையைக் கேட்டேன், பழைய மிஷின் விலையைக் கேட்கவில்லை. நான் எதையும் குறைத்துச் செய்கிறவன் இல்லை. பாங்கிக்கு நானே போய் வரிசையில் நின்று எடுத்து வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. இந்த நோட்டு ஒவ்வொன்றும் வாராவாரம் அந்தச் சின்ன அறைக்குள் போகும். என் கையால் உழைத்த காசு, அவள் கைக்கு மாறி, அவளுடையதாகி, எனக்குத் தெரியாத பேச்சாகப் போகும். எதிரிக்கு நானே கூலி கொடுத்து அனுப்புகிறேன். அவள் தேறிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளைத் தேற்றினது நான் இல்லை என்பதை மட்டும் எப்படி விழுங்குவது?

கடைக்கு வந்தேன். மறுநாள் வியாழக்கிழமை. அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் எப்போதும் உட்காரும் இடத்தில் இருந்தாள், நான் இந்தப் பக்கம். மிஷினை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கையை விரித்து நீட்டினாள். கம்பி அறுத்து அறுத்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் ஒரு கோடு ஆழமாகப் பதிந்திருக்கும் கை.

ஒவ்வொரு நோட்டாக வைத்தேன். எண்ணிக்கொண்டே வைத்தேன். பாதி வந்திருக்கும், என்னால் அடக்க முடியவில்லை.

"பொண்ணு ஸ்கூல் போயிட்டிருந்தப்போன்னியே... அன்னைக்கு என்ன பயம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வாய் ஓரத்தில் அந்தச் சிரிப்பு, ஃபேனை நிறுத்தினபோது கேட்ட சிரிப்பு, சத்தம் இல்லாமல்.

"பேசாதீங்க. எண்ணிட்டிருக்கீங்க."

எண்ணிக்கை போய்விட்டது. வைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, வாயை மூடி, முதலிலிருந்து எண்ணி வைத்தேன். அவள் கை கடைசி நோட்டுவரை விரிந்தே இருந்தது.